மரம் அசையும், டைல்ஸ் அசையாது

புதுச்சேரியை அடுத்த உழவர்கரையில் இப்போது எழும்பும் வீடுகளில் தரை போடுவது ஒரு பிரச்சினையே அல்ல. கான்கிரீட் தளம், அதன் மேல் கலவை, அதன் மேல் விட்ரிஃபைடு டைல்ஸ். ரெட்டியார்பாளையத்திலோ மூலக்குளத்திலோ எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் கொடுப்பார். அதே கொத்தனாரை நகரத்துக்குள், நகரைச் சுற்றிய புல்வார் சாலைக்கு உட்பட்ட ஒரு பழைய மெத்தை வீட்டின் மாடிக்கு அழைத்துப்போய், "இங்கேயும் அதே மாதிரி ஒட்டிக் கொடுங்க மேஸ்திரி" என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டிக் கொடுத்துவிடுவார். விவரம் தெரிந்தவராக இருந்தால் மட்டும், முதலில் கீழே இறங்கி வந்து கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

அங்கே அவர் கண்ணில் படுவது தேக்கு உத்திரம். புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பல வீடுகள் கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று நம் வீடாகவும், மேலே வளைவு ஜன்னலும் தூணுமாகப் பிரெஞ்சு வீடாகவும் இருக்கும். முகப்பைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். இரண்டு வீட்டையும் பிரிக்கிற அந்த நடுத்தளத்தை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மரத்தின் மேல் ஓடு பதித்த தளம் அது. இயற்பியல்படி பார்த்தால் அது ஒத்துவராத சம்பந்தம்.

மரம் வெட்டப்பட்டு நூறு ஆண்டு ஆனாலும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளியே விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது, மரம் தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் நீரை வைத்திருக்கும். ஐப்பசி அடைமழையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டு அப்படியே நின்றால், அந்த நீர் 20 சதவீதத்தை நெருங்கும். நீர் ஏற ஏற மரம் உப்பும். நார் ஓடும் நீளவாக்கில் உப்பல் இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லாம். மரங்களிலேயே அடக்கமானது என்று பெயர் வாங்கிய தேக்கில்கூட, 20 செ.மீ. அகலப் பலகை ஒன்று இந்த மாற்றத்தில் 3, 4 மி.மீ. வரை விரியலாம். அதே அகலமுள்ள பீங்கான் டைல், வெப்பம் 20 டிகிரி கூடினாலும் 0.03 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். அமுக்கினால் யானை பலம் காட்டும் டைல், இழுத்தால் தாங்காது. கீழே உள்ள பலகை விரியும்போது டைலுக்குக் கிடைப்பது அந்த இழுப்புதான். ஒன்று டைல் கீறும், இல்லை ஒட்டு விடும். ஒட்டு விட்ட டைலை ஒரு ரூபாய்க் காசால் தட்டினால் கணீரென்று கேட்காது. பொள்ளலாக ஒரு சத்தம் வரும்.

நம் ஊர்க் கொத்தனார்கள் இந்தச் சண்டையைத் தீர்த்த விதம் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். அவர்கள் பலகையையே தவிர்த்துவிட்டார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற அந்த முறையில், உத்திரத்தின் மேல் சிறு சட்டங்களை நெருக்கமாக அடுக்குவார்கள். சட்டத்துக்குச் சட்டம் உள்ள இடைவெளியை, ஒரு அங்குலத் தடிமனுள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் மூலைவிட்டமாகக் கோத்து மூடுவார்கள். இப்போது மரம் அகலவாக்கில் விரிந்தாலும் ஒவ்வொரு சட்டமும் தன்னளவில் விரிவதோடு சரி. அறை முழுக்கச் சேர்ந்து தள்ளுவதற்குப் பலகைப் பரப்பு என்று ஒன்று இல்லை.

செங்கலுக்கு மேலே, சில அங்குல கனத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அடிப்பதில் காற்று வெளியேறி ஜல்லி நெருங்கும். கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. சுண்ணாம்பு சிமென்ட்டைவிட மிருதுவானது; உத்திரம் கொஞ்சம் வளைந்தால் கூடவே கொஞ்சம் வளைந்துகொடுக்கும். மயிரிழைக் கீறல் விழுந்தாலும், ஈரத்தில் கரையும் சுண்ணாம்பு அந்தக் கீறலில் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். சிமென்ட்டில் இந்தக் குணம் மிகக் குறைவு.

ரோமானியர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றிப் பத்து நூல்கள் எழுதிய விட்ருவியஸ், ஏழாவது நூலில் மரத்தளத்தின் மேல் தரை போடுவதைப் பற்றிச் சொல்கிறார். குணம் வேறான இருவகை ஓக் பலகைகளைக் கலக்காதே, ஒன்று முறுக்கித் தரையைப் பிளக்கும். பலகையின் ஓரம் எழும்பாதபடி ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஆணி அடி. சுண்ணாம்பு மரத்தைக் கெடுக்காமல் இருக்க நடுவே வைக்கோலோ பெரணித் தழையோ பரப்பு. அதற்கு மேல்தான் கல், காரை, செங்கல்தூள், ஓடு எல்லாம்.

அந்த வைக்கோல் இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வந்திருக்கிறது. இதில் பெயர் பெற்ற ஒன்றை ஜெர்மனியின் ஷ்லூட்டர் நிறுவனம் 1987-இல் 'டிட்ரா' என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆரஞ்சு நிறப் பாலிஎத்திலீன், கனம் 3 மி.மீ. சொச்சம், மேலே வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள், அடியில் பஞ்சு போன்ற துணி. துணி மரத்தோடு ஒட்டும். வாய் குறுகி வயிறு அகன்ற குழிகளுக்குள் டைல் பசை இறங்கி இறுகி, மேலே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். கீழே மரம் பக்கவாட்டில் இழுக்கும்போது நடுவிலுள்ள பிளாஸ்டிக் அந்த இழுப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டு, டைலுக்கு மிகக் குறைவாகவே அனுப்பும். கனடாவின் ஸ்கார்பரோவில் வாழும் நம் தமிழர்களின் வீடுகளில் தரை பெரும்பாலும் சட்டத்தின் மேல் பிளைவுட் அல்லது மரச்சீவல் பலகை. இந்த விரிப்பு அந்த மாதிரி வீடுகளுக்கு உகந்தது. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்கும் மரத்தின் மேல் ஓடு என்பது புதுக்கதை இல்லை. பாரிஸின் பழைய அடுக்ககங்களில் மரச் சட்டங்களுக்கு மேல் ஜிப்ஸம் சிதிலத்தைக் கொட்டி நிரப்பி, அறுகோணச் செம்மண் ஓடு பதித்திருப்பார்கள்.

விரிப்பை விற்கிறவர்கள் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அது பக்கவாட்டு அசைவைத்தான் தாங்கும். உத்திரம் கீழ்நோக்கித் தொய்ந்தால் அது எதுவும் செய்யாது. தொய்வுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு எளிது: பீங்கான் டைலுக்கு, நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தளம் தொய்யக் கூடாது; கருங்கல், மார்பிள் என்றால் 720-இல் ஒரு பங்கு. 3.6 மீட்டர் அகல அறைக்கு முதலாவது 10 மி.மீ., இரண்டாவது 5 மி.மீ. உத்திரத்தின் நீளம் இரண்டு மடங்கானால், சதுர அடிக்கு அதே பாரத்தில் தொய்வு 16 மடங்கு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு 8 மடங்கு. பழைய தச்சர்கள் உத்திரத்தை எப்போதும் குறுகிய பக்கம் கீழே வரும்படி நிறுத்திப் போட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஏட்டில் எழுதாவிட்டாலும் கை அறிந்திருந்தது.

இதனால்தான், பழைய மாடியில் தட்டோட்டின் மேலேயே இரண்டு அங்குலம் சிமென்ட் கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 5 செ.மீ. கலவை சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன்னுக்கு மேல், டைல்ஸ் தனி. அந்த உத்திரம் இதைக் கேட்டதே இல்லை. போதாக்குறைக்கு, சிமென்ட்டும் விட்ரிஃபைடு டைலும் ஈரத்தை மேலே விடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைதான் முதலில் மக்கும். மக்குவது வெளியே தெரியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்த பிறகு, நூற்றாண்டு கண்ட கட்டடங்களில் நீர் புகுவதைப் பற்றி ஊரில் கொஞ்சம் பயம் வந்திருக்கிறது. வரட்டும்.

ஆகவே மாடித் தரையை மாற்ற நினைப்பவர்கள் டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தச்சரை அழைக்கலாம். சுவரை ஒட்டிய இடத்தில் உத்திரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பார். நல்ல தேக்கில் முனை இறங்காது. உத்திரம் சரி, தட்டோடு மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால், அந்த ஓட்டை மட்டும் பெயர்த்துச் சுண்ணாம்பிலேயே திரும்பப் பதிக்கலாம், பாரம் ஏறாது. பிளைவுட் போட்ட பரண், தளத்தில் போதிய விறைப்பும் உண்டு என்றால் விரிப்பு நல்ல வழி. பல் கரணையால் பசையை முழுப் பரப்பிலும் இழுக்க வேண்டும், நான்கு மூலையில் உருண்டை வைத்து அழுத்துவது உதவாது. சுவரோரம் கால் அங்குலம் இடம் விட வேண்டும். குளியலறையை மட்டும் மர உத்திரத்தின் மேல் கொண்டுபோக வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் விரிப்பின் இணைப்புகளை நீர் புகாத பட்டையால் மூடி, சுவரில் அரை அடி உயரம் வரை மடித்து ஏற்றி, ஒரு நாள் நீரைத் தேக்கி வைத்துக் கீழே இருந்து உத்திரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் முதல் டைலை ஒட்டச் சொல்ல வேண்டும்.