ஆசிரியர் கற்கும் வகுப்பறை

நுழையும்முன்

பாடநூலின் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள விரைவுக் குறியீட்டைத் திறன்பேசி ஒரு நொடியில் படித்துவிடுகிறது. அதன்வழியே திறக்கும் காணொலியைப் பாடமாக மாற்றுவதற்கோ ஆசிரியர் பல நாள் பயில வேண்டியிருக்கிறது. வகுப்பறைக்குள் புதிய கருவி நுழையும்போதெல்லாம் மாணவருக்கு முன்னால் ஆசிரியரே மாணவராகிறார். அந்தக் கற்றல் எவ்வாறு நிகழ்கிறது, அது நிகழாதபோது இழப்பு யாருக்கு என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

காவிரிக் கரையில் ஒரு கல்விநகர்

திருச்சிராப்பள்ளி கல்விக்கூடங்கள் நிறைந்த நகரம். 1844இல் தொடங்கப்பெற்ற தூய வளனார் கல்லூரி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிய தேசியத் தொழில்நுட்பக் கழகம், 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியன இங்கு உள்ளன. அப்பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்கெனத் தனித்துறையே இயங்குகிறது. பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும், ஒன்றியந்தோறும் வட்டார வளமையங்களும் செயல்படுகின்றன. ஆசிரியர் பணியில் சேர்ந்தபின்னும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்னும் எண்ணமே இவ்வமைப்புகளின் அடித்தளம். இவ்வெண்ணம் எத்துணை இன்றியமையாதது என்பதை வரலாறு காட்டுகிறது.

மணலில் தொடங்கிய மாற்றம்

ஆண்ட்ரூ பெல் என்பார் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சமயகுரு. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். அக்காலத்தில் நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தாளும் மையும் தேவைப்படாத, தவறினால் அழித்து எழுதக்கூடிய எளிய தொழில்நுட்பம் அது. தம் இல்லத்திலும் அதனைக் கையாளுமாறு உதவி ஆசிரியர்களிடம் பெல் கூறினார். அவர்களோ இயலாது என்று மறுத்தனர். எனவே, அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் இயலாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறையைப் பற்றி 1797இல் இலண்டனில் பெல் நூல் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

இந்நிகழ்ச்சியை ஆசிரியர்களின் பிடிவாதமாக மட்டும் கருதிவிடல் கூடாது. புதிய முறையை ஏற்க, அதனைச் செய்துகாட்டுபவர் ஒருவர் வேண்டும். பழகிப்பார்க்கக் காலமும் வேண்டும். கருவி மணலாயினும் கணினியாயினும் ஆணையால் மட்டும் அது கற்பித்தலில் கலந்துவிடுவதில்லை.

அலைவழி வந்த பாடங்கள்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கப்பட்டது. இந்திய வானொலி நிலையங்கள் பள்ளி மாணவர்க்கான ஒலிபரப்பையும் நடத்தி வந்தன. வானொலியில் பாடம் வந்தபோதும் ஆசிரியரின் பணி குறையவில்லை. ஒலிபரப்புக்குமுன் மாணவரை ஆயத்தப்படுத்துதல், கேட்டபின் வினா எழுப்புதல், விளங்காத பகுதியை மீண்டும் விளக்குதல் ஆகியவற்றை வானொலிப்பெட்டி செய்ய இயலாது.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையை இந்தியா நடத்தியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன், தமிழகம் நீங்கலான ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. அச்சோதனையின் ஒரு பகுதி ஆசிரியர்களுக்கு உரியது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேர் அறிவியல் கற்பித்தலில் பயிற்சி பெற்றனர். தொலைக்காட்சியோடு வானொலி, அச்சிட்ட கையேடு, செய்முறை, குழுக் கலந்துரையாடல் ஆகியனவும் அப்பயிற்சியில் இணைந்திருந்தன. திரையைப் பார்த்தால் மட்டும் போதாது, கையால் செய்துபார்க்கவும் சக ஆசிரியரோடு பேசவும் வேண்டும் என்பதை அதனை வகுத்தோர் உணர்ந்திருந்தனர்.

1984இல் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுசெல்லும் நடுவணரசுத் திட்டம் 250 பள்ளிகளில் தொடங்கியது. ஆசிரியர்களுக்குக் கணினியை இயக்கும் பயிற்சி தரப்பட்டது. ஆயினும் கணக்கையோ அறிவியலையோ கணினியின் துணையால் எவ்வாறு கற்பிப்பது என்பதில் போதிய பயிற்சி கிடைக்கவில்லை. எனவே, கணினி பல இடங்களில் பாடங்களோடு ஒட்டாத தனிப்பொருளாகவே நின்றது.

குறியீடு தாங்கிய பாடநூல்

தமிழ்நாட்டில் 2018இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வெளிவந்தன. அடுத்த ஆண்டில் ஏனைய வகுப்புகளுக்கும் அவை வந்தன. பாடநூலில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. அவற்றின்வழியே காணொலிகளையும் பயிற்சிகளையும் 'தீக்‌ஷா' தளத்தில் காண முடிந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை கருவிகளை விருப்பப்படி பயன்படுத்திய ஆசிரியர்களுக்கு அவையே ஒரே வழியாயின. கரும்பலகையின்முன் ஆண்டுக்கணக்கில் நின்று பழகியோர், முகம் தெரியாத திரையை நோக்கிப் பேசக் கற்றனர். மாணவரின் கண்களைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என அறிந்துவந்தவர்களுக்கு அவ்வழி அடைபட்டது. திறன்பேசி இல்லாத மாணவர்கள் வகுப்பிலிருந்தே விடுபட்டனர். கருவியைக் கையாளும் திறனும், கருவி எட்டாத மாணவனை நினைவில் கொள்ளும் பொறுப்பும் ஆசிரியர்க்கு ஒருங்கே தேவை என்பதை அக்காலம் உணர்த்தியது.

மூவகை அறிவு

ஆசிரியர் ஒருவர்க்கு எவ்வகை அறிவு வேண்டும்? பாட அறிவும் கற்பிக்கும் முறை பற்றிய அறிவும் தனித்தனியே இருந்தால் போதாது, இரண்டும் கலந்த அறிவே ஆசிரியர்க்குரியது என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் விளக்கினார். 2006இல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் ஆகிய இருவரும் அவற்றோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்தனர். பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமே ஆசிரியரின் தனித்திறன் என்பது அவர்தம் கருத்து.

இதனைத் திருவரங்கத்துக் காட்சியொன்றால் விளக்கலாம். 1987இல் நிறைவுற்ற திருவரங்க இராசகோபுரம் 13 நிலைகளையும் ஏறத்தாழ 72 மீட்டர் உயரத்தையும் உடையது. பத்தாம் வகுப்பில் நீங்கள் கற்ற ஏற்றக்கோணத்தைக் கொண்டு அதன் உயரத்தைக் கணக்கிடுமாறு ஆசிரியர் கூறுகிறார் எனக் கொள்வோம். கோணத்தை அளக்கும் செயலி திறன்பேசியிலேயே உண்டு. கோபுர உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து 100 மீட்டர் தொலைவில் நின்று நோக்கும்போது செயலி 35 பாகை காட்டுகிறது. கணக்கிட்டால் 70 மீட்டர் கிடைக்கிறது. இரண்டு மீட்டர் எங்கே போயிற்று?

செயலி இவ்வினாவை எழுப்பாது; ஆசிரியரே எழுப்ப வேண்டும். அளந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தது. அதைக் கூட்டினால் 71.5 மீட்டர் ஆகும். கை சற்றே அசைந்து 36 பாகை என அளந்திருந்தால் விடை 74 மீட்டரைத் தாண்டியிருக்கும். அருகில் சென்று 20 மீட்டரில் நின்றால் பிழை குறையுமா? குறையாது. அங்கே ஒரு பாகை மாறினால் விடை ஏறத்தாழ 5 மீட்டர் மாறிவிடும். கோபுரவாசலின் முன்விளிம்பு வரை மட்டும் தொலைவை அளந்தவர்க்கோ வேறொரு பிழை நேரும். ஏனெனில் உச்சி அவ்விளிம்புக்கு நேர்மேலே இல்லை.

செயலியை இயக்குவது தொழில்நுட்ப அறிவு. முக்கோணவியல் பாட அறிவு. மாணவர் எந்த இடத்தில் தவறுவர் என முன்கூட்டியே அறிந்து, அத்தவற்றையே பாடமாக்குவது கற்பித்தல் அறிவு. மூன்றும் சேர்ந்தால்தான் செயலி காட்டிய எண் கணிதமாக மலர்கிறது.

புவியியல் வகுப்புக்கும் இது பொருந்தும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. செயற்கைக்கோள் படத்தை முதலிலேயே திரையில் காட்டினால் மாணவர் பார்த்துவிட்டு அமைதியாவர். தாம் நாள்தோறும் பாலம் கடந்துவரும் ஆறுகளின் போக்கை முதலில் தாளில் வரையச் செய்து, அதன்பின் படத்தைக் காட்டினால் தம் வரைபடத்தோடு அதனை ஒப்பிடுவர். இரண்டு வகுப்பிலும் படம் ஒன்றே; காட்டும் வேளைதான் வேறு.

தெரிந்து தெளிவோம்

கணித வடிவங்களைத் திரையில் அசைத்துப் பார்க்க உதவும் 'ஜியோஜீப்ரா' என்னும் இலவச மென்பொருளை மார்க்கஸ் ஹோஹன்வார்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கினார். அறிவியல் சோதனைகளைத் திரையில் நிகழ்த்தும் 'ஃபெட்' திட்டத்தை நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நிறுவினார்.

பயிற்சி பழக்கமாகும் வழி

ஒரு நாள் கூட்டத்தில் அமர்ந்து உரையைக் கேட்டுக் கையொப்பமிட்டுத் திரும்புவதால் இத்திறன் வருமா? அமெரிக்க ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர் 1980களில் இதனை ஆராய்ந்தனர். கருத்துரை, செய்துகாட்டல், பயிற்சி, பின்னூட்டம் ஆகியவற்றோடு, வகுப்பறைக்கே வந்து துணைநிற்கும் வழிகாட்டுதலும் சேரும்போதுதான் புதிய முறை ஆசிரியரின் அன்றாடக் கற்பித்தலில் நிலைபெறுகிறது என அவர்கள் எடுத்துரைத்தனர். நீந்தும் முறையைக் கேட்டறிந்தவர் ஆற்றைக் கடந்துவிட முடியாதன்றோ!

ஜப்பானிய ஆசிரியர்களிடம் நூறாண்டுக்கும் மேற்பட்ட பழக்கம் ஒன்றுண்டு. சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிக்க, ஏனையோர் மாணவர்களை உற்றுநோக்குவர். பின்னர் ஒன்றுகூடிப் பாடத்தைத் திருத்தி அமைப்பர். அங்கே ஆராயப்படுவது பாடமேயன்றிக் கற்பித்தவர் அல்லர். அதனால் குறைகூறப்படும் அச்சமின்றி எல்லோரும் கற்கின்றனர்.

தமிழ்நாட்டில் அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டங்கள் இதற்கு ஏற்ற களங்கள். ஒருவர் தம் வகுப்பில் காட்டிய காணொலியை அங்கே பகிரலாம். அதனை எந்த இடத்தில் நிறுத்தினார், என்ன வினாவைக் கேட்டார், மாணவர் எங்கே குழம்பினர் என்பவற்றையும் சேர்த்துப் பகிர்ந்தால் அக்கூட்டம் பயிற்சிக் களமாகிறது. இணையவழிப் பயிற்சிகள் தொலைவைக் குறைக்கின்றன. எந்நேரத்திலும் மீண்டும் பார்க்கும் வாய்ப்பைத் தருகின்றன. ஆனால் சான்றிதழுக்காக மட்டும் காணொலியை ஓடவிடுவோர்க்கு அவற்றால் பயனில்லை. இணையத்தில் கற்றதை வகுப்பில் செய்துபார்த்துச் சக ஆசிரியரோடு கலந்துபேசும்போதே அக்கற்றல் முழுமையடைகிறது.

இழப்பு யாருக்கு?

இத்தகைய கற்றலுக்குக் காலம் வேண்டும். பதிவேடுகளும் பிற பணிகளும் ஆசிரியரின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மின்தடை, இணைய வேகக்குறைவு, பழுதான கருவி ஆகியனவும் உண்டு. ஆகவே, முழுப்பொறுப்பையும் ஆசிரியர்மீது சுமத்துதல் முறையன்று. கருவி வாங்க ஒதுக்கும் நிதியோடு, ஆசிரியர் பழகுவதற்குரிய நேரத்தையும் ஒதுக்குவது நிருவாகத்தின் கடமை.

அக்கடமை தவறினால் முதலில் இழப்பவர் மாணவரே. அவருள்ளும் வீட்டில் வேறு துணையில்லாதவர். வசதியுள்ள மாணவர் பள்ளியில் கிடைக்காததைத் தனிவகுப்பிலோ வீட்டுக் கணினியிலோ பெற்றுவிடுவார். பெற்றோர் பள்ளிப்படி ஏறாத குடும்பத்தின் முதல் தலைமுறை மாணவர்க்கு ஆசிரியர் ஒருவரே வாயில். அவ்வாசிரியர் பயிற்சி பெறாதிருந்தால் வகுப்பறையில் உள்ள படவீழ்த்தி உறையிட்ட பொருளாகவே இருக்கும். எல்லோரையும் சமமாக்க வந்த கருவி அப்போது ஏற்றத்தாழ்வைப் பெருக்கிவிடுகிறது.

இன்று செயற்கை நுண்ணறிவு வகுப்பறை வாயிலில் நிற்கிறது. கேட்ட வினாவுக்கு அது உடனே விடை தருகிறது. அவ்விடை பிழையாகவும் இருக்கக்கூடும். இராசகோபுரத்தின் உயரத்தில் குறைந்த இரண்டு மீட்டரைத் தேடவைத்த வினாவைப் போன்ற வினாக்களை எழுப்பும் ஆசிரியர் முன்னெப்போதையும்விட இப்போது தேவைப்படுகிறார். கற்பிப்பவர் கற்றலை நிறுத்தாத பள்ளியில்தான் கருவிகள் மாணவர்க்குப் பயன் தருகின்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள கோபுரம், நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவற்றுள் ஒன்றன் உயரத்தை இருவேறு தொலைவுகளில் நின்று கணக்கிடுக. விடைகள் வேறுபடுவதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. இப்பாடநூலின் இயல் ஒன்றுக்குரிய காணொலியைக் கண்டு, அதனை எந்த இடத்தில் நிறுத்தி என்ன வினா கேட்கலாம் எனக் குறிப்பெழுதி ஆசிரியரிடம் வழங்குக.

3. 'கருவி மட்டும் கற்பிக்குமா?' என்னும் தலைப்பில் உங்கள் ஆசிரியர் ஒருவரை நேர்காண்பதற்கான வினாக்களை உருவாக்குக.