தெளிந்த ஜலமும் தெரியாத விஷமும்

சென்னை கொளத்தூர்க் கடைகளில் வண்ண மீன்களை ஆசையோடு வாங்கி வந்து புதிய கண்ணாடித் தொட்டியில் விடுகிறோம். இரண்டொரு வாரத்தில் அவை ஒவ்வொன்றாய் மாண்டால், திருஷ்டி பட்டுவிட்டதென்று மனம் நோகிறோம். ஜலமோ பளிங்கு போலத்தான் இருக்கிறது! ஆனால், மீன்களின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா கண்ணுக்குப் புலப்படாது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும்.

ஆகவே, ஜலத்தை வீட்டிலேயே சோதித்தல் நலம். எடுக்கும் ஜலம் பிழையானால் முடிவும் பிழையாகும். சோப்புப் படாத சிறு குப்பியைத் தொட்டி ஜலத்தாலேயே மும்முறை அலம்புக. இரை போடுமுன், மேற்பரப்பையும் அடிமணலையும் தவிர்த்து, நடு ஆழத்தில் அமிழ்த்தி நிரப்புக. மருந்துத் துளிகளை இட்டபின் விரலால் வாயை அடைத்துக் குலுக்கலாகாது. விரலின் அழுக்கு முடிவைக் கெடுத்துவிடும். மூடியையே இடுக. தாமதமும் கூடாது, கரியமில வாயு வெளியேறி ஜலத்தின் அமிலத் தன்மை மாறிவிடும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிடுக.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாயிருத்தல் வேண்டும். இல்லையேல், அன்றே கால் பங்கு ஜலத்தை இறைத்து, குளோரின் நீக்கிய ஜலத்தை வார்த்து, இரையையும் குறைக்க வேண்டும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் அம்மோனியாவின் கொடுமையும் அதிகம்.

விஞ்ஞானம் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளுக்கே உரியதன்று. நம் கூடத்து ஜன்னலோரத்திலும் அதற்கு இடமுண்டு. வாயில்லா ஜீவன்களை வளர்க்க முன்வந்த நாம், அவை வாழும் ஜலத்தை அறிந்து காப்பது கடமையன்றோ?