பட்டன் போனுக்கு எதுக்கு தினம் ஒன்றரை ஜிபி? ப்ரீபெய்டு பிளானைத் தேர்வு செய்வது எப்படி?

வேலை சென்னையில்; அம்மா, அப்பா முண்டியம்பாக்கத்தில். ஊரில் இருப்பவர்களின் நம்பருக்கும் சேர்த்து ரீசார்ஜ் செய்வது பெரும்பாலும் பிள்ளைகள்தான். ஆப்பைத் திறந்து, முதலில் கண்ணில் படும் பிளானைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால், அப்பா வைத்திருப்பது பட்டன் போன் என்றால், தினமும் வரும் டேட்டா தொடாமலேயே நள்ளிரவில் காலாவதியாகிறது. காசு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

டேட்டா இல்லாத பிளான் இருக்கா?

இருக்கு. பேச்சு, எஸ்எம்எஸ் மட்டும் தரும் ரீசார்ஜ் ஒன்றாவது கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. சிறப்பு ரீசார்ஜ்களின் வேலிடிட்டி உச்சவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அறிவித்த விலை இது:

- ஜியோ: ரூ.448 (84 நாள்), ரூ.1,748 (336 நாள்)
- ஏர்டெல்: ரூ.469 (84 நாள்), ரூ.1,849 (365 நாள்)

எல்லாவற்றிலும் அன்லிமிடெட் கால் உண்டு. விலை அவ்வப்போது மாறும் என்பதால், கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பின் முதல் திரையில் இவை தெரியாவிட்டால் கொஞ்சம் தேடிப் பாருங்கள். கடையில் என்றால், "நெட் வேண்டாம், பேச மட்டும்" என்று கேளுங்கள்.

எவ்வளவு மிச்சம்?

2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு, ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பிளான் ரூ.299 ஆனது. அதை 12 முறை போட்டால் 336 நாளுக்கு ரூ.3,588. பேச மட்டும் என்றால் அதே 336 நாளுக்கு ரூ.1,748. மிச்சம் ரூ.1,840.

பிளானின் மொத்த விலையை நாட்களால் வகுத்துப் பாருங்கள். ரூ.299 பிளான் ஒரு நாளைக்கு சுமார் ரூ.10.70, ரூ.448 பிளான் ரூ.5.33. பார்க்கப் பெரிய தொகையாக இருப்பதுதான் உண்மையில் மலிவு.

28 நாள் கணக்கு என்ன?

28 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் ஆகிவிடும். 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என 2022-லேயே டிராய் உத்தரவிட்டது. சம்பளத் தேதியோடு ரீசார்ஜ் தேதியைப் பொருத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது வசதி.

யாருக்கு எது?

வீடியோ காலில் பேரப்பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கு, வீட்டில் வைஃபை இல்லையென்றால் டேட்டா பிளான்தான் சரி. முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜில் படிக்கும் மாணவருக்கு அன்லிமிடெட் 5ஜி வேண்டுமா? 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோ, ஏர்டெல் இரண்டும் அதைத் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பிளான்களுக்கு என்று வரையறுத்தன. 5ஜி போன் இல்லாமல் அதற்குக் கூடுதலாகக் கட்டுவது வீண்.

வருஷ பிளான் போடும் முன்...

வீட்டுக்குள், சமையலறை வரை சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வேறு நெட்வொர்க் போனிலும் ஒரு கால் செய்து பாருங்கள். நெட்வொர்க் மாற, PORT என டைப் செய்து இடைவெளி விட்டு மொபைல் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். இப்போதைய நெட்வொர்க்கில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். பழைய பிளானில் மீதி நாட்கள் இருந்தால் அவை புதிய நெட்வொர்க்குக்கு வராது.

வேலிடிட்டி முடியும் தேதியை உங்கள் போனிலும் ரிமைண்டராகப் போட்டுவையுங்கள். பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த ஒரு நம்பரில்தான். ராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அம்மா உங்களைக் கூப்பிடுவதும் அதிலிருந்துதான்.