பச்சோந்தி வளர்க்க ஆசையா? கூண்டு வாங்கும் முன் இதைப் படிங்க!

ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்தபடி ரீல்ஸ் தள்ளும்போது இந்தக் காட்சி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அழகான ஒரு பெட்டி, உள்ளே பச்சைச் செடிகள், மேலே ஒரு விளக்கு, கிளையில் ஆடி ஆடி நடக்கும் ஒரு பச்சோந்தி. ‘நாய் வளர்க்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார். இது குரைக்காது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேண்டாம், மூலையில சும்மா இருக்கும். நாமளும் ஒண்ணு வளர்த்தா என்ன?’

சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் யாருக்கும் வரக்கூடிய ஆசைதான். ஆனால் பச்சோந்தி மூலையில் சும்மா இருக்கும் உயிரினம் இல்லை. அதற்குச் சரியான இடம் அமைப்பது ஒரு சின்ன இன்ஜினீயரிங் வேலை. அதற்கும் முன்னால் சட்டம் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

எந்தப் பச்சோந்தி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு, தொண்டை சிவந்து, ஆளைப் பார்த்ததும் விருட்டென ஓடுகிறதே, அது ஓணான். அதுவும் நிறம் மாறும் என்பதால் பலரும் அதையே பச்சோந்தி என்கிறார்கள். உண்மையான பச்சோந்தி மெதுவாக, முன்னும் பின்னும் அசைந்து நடக்கும். வாலைச் சுருட்டி வைத்திருக்கும். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும்.

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். நம்ம ஊர் புதர்க்காடுகளிலும் வேலிகளிலும் இருப்பது அதுதான். இது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனை வரை போகலாம். ‘தோட்டத்துல கிடைச்சது சார், காப்பாத்தி வளர்க்கிறேன்’ என்ற விளக்கம் செல்லாது.

வெளிநாட்டு வகை என்றால் ஓகேவா?

ரீல்ஸில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு வகைகள். ஏமன், சவூதி அரேபியா பகுதியைச் சேர்ந்த ‘வெயில்டு கமீலியன்’ ஒன்று. மடகாஸ்கரின் ‘பேந்தர் கமீலியன்’ இன்னொன்று. இரண்டுமே சைட்ஸ் எனப்படும் சர்வதேச வன உயிரின வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அதாவது, முறையான அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுவர முடியாது.

2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாகின. மத்திய அரசின் ‘பரிவேஷ் 2.0’ தளம் வழியாக, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் பிடித்த செய்திகளை அடிக்கடி படித்திருப்பீர்கள். ‘பேப்பர் எல்லாம் பக்கா ப்ரோ’ என்று இன்பாக்ஸில் சொல்பவரிடம் அந்த பேப்பரை முதலில் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சரி, ஆவணங்கள் முறையாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். இனி கூண்டுக்கு வருவோம்.

1. அகலத்தைவிட உயரம் முக்கியம்

பச்சோந்தி மரவாசி. வளர்ந்த ஆண் வெயில்டு கமீலியனுக்குக் குறைந்தது 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். மீன் தொட்டியில் வைப்பது மிகப் பெரிய தவறு. காற்று தேங்கும், ஈரம் தேங்கும், அதனால் சுவாசக் கோளாறு வரும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என நினைத்து மிரளும். நம்ம ஊர்க் காற்றுக்கு எல்லாப் பக்கமும் அலுமினிய வலை அடித்த கூண்டுதான் சரி. நைலான் கொசுவலையில் நகம் சிக்கும். வெட்டுக்கிளியும் சில்வண்டும் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். நம் கண் மட்டத்துக்கு மேலே அது உட்கார இடம் இருக்க வேண்டும். மேலிருந்து ஒரு உருவம் குனிந்தால், பச்சோந்திக்கு அது பருந்து மாதிரி.

ஒரு கூண்டுக்கு ஒன்று மட்டுமே. ‘ஜோடியா விட்டா துணையா இருக்கும்’ என்பது நம் மனசு. பச்சோந்தி தனிமை விரும்பி.

2. வெயில் தரும் விளக்கு

சாதாரண எல்.இ.டி. பல்பு போதாது. யுவிபி கதிர் தரும் பிரத்யேக டியூப் வேண்டும். அந்தக் கதிர் இருந்தால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகும், உணவிலிருக்கும் கால்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு மென்மையாகி, கால் வளைந்து, கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே விழும். கூண்டில் வளரும் பச்சோந்திகளைப் பாடாய்ப் படுத்தும் நோய் இதுதான்.

‘ஜன்னல் பக்கம் வெயில் வருதே’ என்கிறீர்களா? ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். டியூப் எரிந்துகொண்டிருந்தாலும், மாதங்கள் போகப் போக அதிலிருந்து வரும் யுவிபி குறையும். தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் (பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள்) மாற்றியாக வேண்டும்.

3. சூடு: இங்கேதான் சிக்கல்

யூடியூபில் இருக்கும் கூண்டு வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. ‘ஹீட் லேம்ப் போடுங்க’ என்பதுதான் அவற்றின் முதல் பாடம். வெயில்டு கமீலியனுக்கு, அது வெயில் காயும் கிளை 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். கூண்டின் மற்ற பகுதிகள் அதைவிடக் குளிர்ச்சியாக, 22 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரவில் இன்னும் இறங்க வேண்டும்.

இப்போது மே மாதத்து மொட்டை மாடி ரூமை நினைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தொடும். ஷீட் கூரை என்றால் சொல்லவே வேண்டாம். ராத்திரி 11 மணிக்கும் சுவர் சுடும். ஆக, இங்கே கேள்வி எப்படிச் சூடாக்குவது என்பதல்ல. நீங்கள் 12 மணி நேரம் வேலையில் இருக்கும்போது, கரன்ட் போனால், அந்தக் கூண்டை யார் குளிர்விப்பது?

பச்சோந்தி வெளிறிப்போய் வாயைத் திறந்தபடி இருந்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். அது கொட்டாவி இல்லை.

4. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது

பெரும்பாலும் இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் காலையும் மாலையும் செடிகள் நனையும்படி மெல்லிய பனித்துளியாகத் தெளிக்க வேண்டும். ஆஸ்பத்திரி ட்ரிப்ஸ் மாதிரி சொட்டுச் சொட்டாக இலையில் விழும் அமைப்பும் வைக்கலாம். அடுத்த முறை தெளிப்பதற்குள் கூண்டு காய்ந்துவிட வேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும்.

கண்கள் குழி விழுந்திருந்தாலோ, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சாக மாறியிருந்தாலோ உடலில் நீர் குறைந்திருக்கிறது. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தால் காத்திருக்காதீர்கள். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதை, வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

5. செடி, கிளை, தரை

பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி. விரல்கள் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று எனச் சேர்ந்திருக்கும். அது பிடித்து நடக்க, பென்சில் கனம் முதல் கட்டைவிரல் கனம் வரை பல அளவுகளில் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். ஒளிந்துகொள்ள அடர்த்தியான இலை வேண்டும். செம்பருத்தி நல்ல தேர்வு. வெயில்டு கமீலியன் அதன் இலையையும் பூவையும் சாப்பிடவும் செய்யும். அரளி, ஊமத்தை கூடவே கூடாது, இரண்டும் விஷம். நர்சரியில் பூச்சிமருந்து அடித்த செடியை நேராகக் கூண்டுக்குள் வைக்காதீர்கள்.

தரையில் மண், மரத்தூள் எதுவும் வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். பெண் என்றால் மட்டும் ஒரு விதிவிலக்கு. ஆணோடு சேராமலேயே வெயில்டு கமீலியன் பெண் முட்டையிடும். ஈர மணல் நிரப்பிய, சுமார் ஒரு அடி ஆழமுள்ள தொட்டி இல்லாவிட்டால், முட்டை வயிற்றிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிறம் மாறினால் ஹாப்பியா?

சுற்றியிருக்கும் பொருளின் நிறத்துக்கு மாறும் என்பது நாம் நம்பி வளர்ந்த கதை. 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேந்தர் கமீலியனின் தோலை ஆராய்ந்தார்கள். தோல் செல்களில் இருக்கும் மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால்தான் நிறம் மாறுகிறது என்று காட்டினார்கள். கோபம், பயம், இணை தேடல், உடல் வெப்பம் இவையெல்லாம் நிறமாக வெளிப்படும். கையில் எடுத்ததும் கறுத்துப் போகிறதா? பெரும்பாலும் அது ‘என்னை விடு’ என்ற கெஞ்சல். அதைத்தான் நாம் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து லைக் வாங்குகிறோம்.

உங்கள் ரூம் பாஸ் ஆகுமா?

* நைட் ஷிப்ட் முடிந்து பகலில் திரை போட்டுத் தூங்குவீர்களா? பச்சோந்திக்குப் பகலில் 12 மணி நேரம் வெளிச்சமும் இரவில் முழு இருட்டும் வேண்டும். நான்கு பேர் நான்கு ஷிப்டில் வந்துபோகும் ரூமில் அது நடக்காது.
* உயிருள்ள பூச்சிகளை வாரம் தவறாமல் வாங்க வழி இருக்கிறதா? அவற்றையும் வளர்த்து, கால்சியம் பொடி தூவிக் கொடுக்க வேண்டும்.
* தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?
* கான்ட்ராக்ட் முடிந்து வேறு ஊருக்கு மாறினால்? நல்ல பராமரிப்பில் இது 5 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

‘முடியலைன்னா ஏரிக்கரையில விட்டுடலாம்’ என்பதும் தீர்வல்ல. இப்படித் தப்பியும் விடப்பட்டும்தான் வெயில்டு கமீலியன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் அந்நிய இனமாகப் பெருகியது.

அப்போ, பச்சோந்தியைப் பார்க்கவே முடியாதா?

தாராளமாகப் பார்க்கலாம். தொழிற்சாலைகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் புதர்களையும் ஏரிக்கரைகளையும் மழைக்குப் பிறகு ஒருநாள் பொறுமையாகக் கவனியுங்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் நம்ம ஊர்ப் பச்சோந்தியே தென்படும். அதற்கு விஷம் இல்லை, பார்த்தால் கெட்ட சகுனமும் இல்லை. அந்தப் பயத்தில் கல்லால் அடிக்கப்படுவதும், மெதுவான நடையால் வண்டியில் அடிபடுவதும்தான் அதன் சோகம்.

சாலையைக் கடப்பதைப் பார்த்தால், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து ஓரம் கட்டுங்கள். ஒரு நீளமான குச்சியை அதன் முன்னால் நீட்டினால் தானாக ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஒரு புதரில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ரூமுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

மேலே சொன்ன வலை, டியூப், ட்ரிப்ஸ், டைமர், கிளை, செடி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு வேலிப்புதர் இலவசமாகத் தருவதைத்தான் ஆயிரக்கணக்கில் செலவழித்து நான்கு அடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறோம். ஹவுஸ் ஓனர் சம்மதித்தால் மாடியில் ஒரு செம்பருத்தி வையுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பச்சோந்தி வராமல் போகலாம். ஓணானாவது கட்டாயம் எட்டிப் பார்க்கும்.