மூன்று கிலோவிலிருந்து ஐம்பது கிலோ வரை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையானாலும் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையானாலும் முதல் மணி நேரத்தின் முறை ஒன்றுதான். குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்துகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்கிறார்கள். எடை பார்க்கிறார்கள். இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் தனிக் கவனிப்பு தேவை. 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. பிசிஜி ஊசியும் போலியோ சொட்டும் வீடு திரும்புமுன் முடிந்துவிடுகின்றன. சீனித் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்துக்கு இந்த வரிசையில் இடமில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் வேண்டாம்.

முதல் வாரத்தில் எடை சற்றுக் குறையும். பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மும்மடங்காகும். இதற்கிடையே 6, 10, 14 ஆம் வாரங்களில் தடுப்பூசிகள் உண்டு. நான்கு வார இடைவெளி காரணமின்றி வைக்கப்பட்டதன்று. முதல் தவணை உடலுக்குக் கிருமியை அறிமுகம் செய்கிறது. அடுத்தடுத்த தவணைகள் அந்த அறிமுகத்தை வலுவாக்குகின்றன.

ஆறு மாதம் முடிந்ததும் வேலை அடுப்படிக்கு வருகிறது. பிறக்கும்போது குழந்தை கொண்டுவந்த இரும்புச் சத்தின் இருப்பு இந்த வயதில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. ஆகவே இணை உணவு தேவை. அதில் ஒரு சிக்கல் உண்டு. மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தையால் விழுங்க இயலாது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் சிறிய வயிறு நீரால் நிரம்பிவிடும், சத்து சேராது.

இதற்கு முளைகட்டிய கேழ்வரகு நல்ல தீர்வு. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். காலையில் நீரை வடித்து, ஈரத் துணியில் தளர்வாக முடிந்து ஒன்று முதல் இரண்டு நாள் வைத்தால் வெள்ளை முளை விடும். அதை உலர்த்தி, கையால் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் மட்டும் வறுத்து அரைக்க வேண்டும். சூடு மிகுந்தால் பயன் கெடும். முளைக்கும்போது உருவான, மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி அழிந்துவிடும். இது ஒரு மாவு. மற்றொன்று, இரண்டு பங்கு அரிசியும் ஒரு பங்கு பாசிப்பருப்பும் தனித்தனியாக வறுத்துச் சேர்த்து அரைத்தது. இரண்டாவது மாவைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியதும் முளை மாவில் ஒரு சிறு கரண்டி போட்டுக் கிளறினால், சில நிமிடங்களில் கஞ்சி தானே இளகும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதுதான் இதன் அழகு. மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து, வெதுவெதுப்பாக ஊட்டலாம்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதத்துக்குள் அரைக் கிண்ணம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. முட்டை மஞ்சள் கரு, மசித்த கீரை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி வீட்டில் இருந்தாலும் ஒரு வயது வரை வேண்டாம், உப்பும் வேண்டாம். தேன் கண்டிப்பாகக் கூடாது. பாட்டிமார் இதை எளிதில் ஒப்புவதில்லை. ஒரு வயதுக்குப் பின் உப்புச் சேர்க்கும்போது அயோடின் கலந்ததாக இருக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேர்க்காத கல்லுப்பு மலிவாகக் கிடைக்கும்; அது சமையலுக்கு ஏற்றதன்று.

ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ திரவத்தின் முதல் வேளையும் தரப்படும். வைட்டமின் ஏ அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்ப்பதோடு இடது மேல்கையின் சுற்றளவையும் அளக்கிறார்கள். நாடாவில் மூன்று நிறங்கள் உண்டு. 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் சிவப்பு, 12.5க்கு மேல் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இதே அளவு செல்லும், ஏனெனில் அந்த வயதில் கையின் சுற்றளவு மிகச் சிறிதே மாறுகிறது. ஒரு துண்டு நாடா இத்தனை வேலை செய்வது நல்ல தொழில்நுட்பத்துக்கு அடையாளம்.

பள்ளிப் பருவம் அமைதியானது. ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. உயரம் கூடும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை. ஐந்து, ஆறு வயதில் ஓர் ஊக்க ஊசி. அரசுப் பள்ளியில் மதிய உணவும், தொடக்க வகுப்புகளில் 2022 முதல் படிப்படியாக வந்த காலை உணவும் உண்டு.

பத்து வயதில் டெட்டனஸ்–டிப்தீரியா (டிடி) ஊசி. பூப்பை ஒட்டிய ஆண்டுகளில் பெண் குழந்தை ஆண்டுக்கு எட்டு செ.மீ. வரை உயரும், ஆண் பிள்ளைக்கு இது இரண்டு ஆண்டு தாமதித்து, சற்றுக் கூடுதல் வேகத்தில் வரும். நெல்லை வீடுகள் இதற்கென வைத்திருப்பது உளுந்தங்களி. தோலுளுந்து நான்கு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. மணம் வர வறுத்து நைசாக அரைக்கிறார்கள். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, கொதிக்கும் பாகில் மாவைத் தூவி, நல்லெண்ணெய் விட்டு விட்டுத் துடுப்பால் கிண்டுகிறார்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி உருட்டுகிறார்கள். புரதமும் கொழுப்பும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மாதவிலக்கில் இழக்கும் இரும்பைக் களி மட்டும் ஈடுசெய்யாது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் 60 மில்லிகிராம் இரும்புள்ள நீல மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும். கூடவே நெல்லிக்காய் தின்றால் நன்று, காப்பியும் தேநீரும் ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். களியும் மாத்திரையும் பெண்ணுக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. பையனுக்கும் இரண்டும் தேவை.

16 வயதில் இரண்டாவது டிடி ஊசியோடு தடுப்பூசி அட்டவணை முடிகிறது. பூப்பெய்தி இரண்டு ஆண்டுகளில் பெண்ணின் உயரம் ஏறக்குறைய நின்றுவிடும். பையனுக்குப் பதினெட்டு வரை சற்றுக் கூடலாம். எலும்பு முனைகள் எலும்பின் தண்டோடு இணைந்த பிறகு எந்தச் சத்துமாவும் எந்த மாத்திரையும் ஒரு செ.மீ. கூடச் சேர்க்காது.