வென்டிலேட்டர் வைத்தால் முடிந்ததா? குடும்பத்தார் அறிய வேண்டியவை

"வென்டிலேட்டர் வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்று டாக்டர் சொன்னதுமே நம் வீடுகளில் பலர் அழத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர், "வேண்டாம், வீட்டுக்கே கொண்டு போகிறோம்" என்கிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் உயிரிழந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்றார்கள் உறவினர்கள். தட்டுப்பாடு இல்லை என்று மறுத்தது மாவட்ட நிர்வாகம். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் பகுதி மக்கள் அவசரத்துக்கு ஓடுவது அங்கேதான்.

ஆக்சிஜன் வேறு, வென்டிலேட்டர் வேறு. ஆக்சிஜன் சுவாசிக்கும் காற்றை வளமாக்கும், அவ்வளவே. மூச்சை இழுக்கும் உழைப்பை நோயாளிதான் செய்ய வேண்டும். அந்தத் தசைகள் களைத்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் இரத்தத்தில் சேரும். நோயாளி மயங்கத் தொடங்குவார். பார்ப்பவர்கள் "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று நினைத்துக்கொள்வார்கள்!

பல ஆண்டுகள் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பில் இது அதிகம். இவர்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பதே ஆபத்து. 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று டாக்டர்கள் வைப்பது அதனால்தான். "98 ஆக்குங்கள்" என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள்.

இவர்களுக்கு முதலில் பைபேப் வைப்பார்கள். குழாய் இல்லை, முகத்தில் இறுக்கமான மாஸ்க். மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம். சிபேப் என்பதில் ஒரே சீரான அழுத்தம். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு அது பெரிதும் உதவும். நோயாளி விழித்திருப்பார், ஓரளவு பேசவும் முடியும். மாஸ்க் மூச்சை முட்டுவதுபோல் இருப்பதால் கழற்றச் சொல்லிக் கெஞ்சுவார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து ஆறுதல் சொல்லுங்கள், பட்டியைத் தளர்த்தாதீர்கள். ஸம்ஸம் தண்ணீராக இருந்தாலும் நர்ஸைக் கேட்காமல் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

மாஸ்க் பலன் தராவிட்டால், அல்லது நினைவு தப்பினால், வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் குழாய் செல்லும். அது குரல்நாண்களுக்கு இடையே போவதால் பேச முடியாது. தாங்கிக்கொள்ள மயக்க மருந்து கொடுப்பார்கள். காற்றின் அளவை உயரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிய எடையில் கிலோவுக்கு 6 மில்லி போதும், 12 மில்லி கொடுத்தால் மரணம் கூடும் என்று 2000-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்த இயந்திரம் நோயைக் குணப்படுத்தாது. மருந்து வேலை செய்யும்வரை அவகாசம் வாங்கித் தரும். நிலை தேறத் தொடங்கியதும் மயக்கத்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதிப்பார்கள். "இன்று அந்தச் சோதனை செய்தீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம்.

இயந்திரத்தை நிறுத்துவது கூடுமா என்ற கேள்வியும் வரும். மூளையின் எல்லாச் செயல்களும் மீளாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் உறுதி செய்தால் நிறுத்தலாம் என்று 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. கோமா அதில் சேராது. ஆகவே முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியது, இது கோமாவா, மூளைச்சாவா என்பதைத்தான்.