கிருமியே இல்லை, கால் ஏன் வீங்குகிறது?

படி தவறிக் கால் பிசகுகிறது. தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் கணுக்கால் சிவந்து, சூடேறி, செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிவிடுகிறது. கிருமியே புகாத இடத்துக்கு வெள்ளை அணுக்களை வரவழைத்தது யார்?

உடம்பின் சொந்தப் புரதங்கள்தான். அவற்றில் ஒன்று எச்.எம்.ஜி.பி.1. 1973இல் இதைப் பிரித்தெடுத்தவர்கள், மின்புலத்தில் ஜெல்லுக்குள் விறுவிறுவென நகர்ந்ததை வைத்தே இதற்குப் பெயர் சூட்டினார்கள். செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வை வளைத்துக் கொடுப்பது இதன் அன்றாட வேலை.

வீட்டுக்குள் இருக்க வேண்டிய ஆள் நடுத்தெருவில் தலைவிரிகோலமாக நின்றால் அக்கம்பக்கம் பதறும் அல்லவா? அப்படித்தான் இதுவும். இத்தாலிய ஆய்வாளர் மார்கோ பியாங்கி குழுவினர் 2002இல் காட்டியது இதைத்தான்: காலம் முடிந்து ஒழுங்காக மடியும் செல், இந்தப் புரதத்தை உட்கருவிலேயே இறுகப் பிடித்துக்கொள்கிறது; நசுங்கிச் சாகும் செல்லிலிருந்து அது வெளியே கசிகிறது. ஒரு சாவு சத்தமில்லாமல் முடிகிறது; மற்றொன்று ஊரைக் கூட்டுகிறது.

வெளியே வந்த புரதம் தட்டும் கதவுகளில் ஒன்று டி.எல்.ஆர்.4. பாக்டீரியா நச்சை உணர்வதும் இதே ஏற்பிதான். அதை 1998இல் நிறுவிய புரூஸ் பாய்ட்லருக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிக்கும் காயத்துக்கும் உடம்பு ஒரே மணியை அடிக்கிறது.

அந்த மணியை நிறுத்தும் ஏற்பாடுதான் இன்னும் அழகு. இந்தப் புரதத்தில் 3 இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மூன்றும் ஆக்சிஜனேற்றம் அடையாதவரை அது வெள்ளை அணுக்களை அழைக்கும். அவற்றில் இரண்டு தமக்குள் பிணைந்துகொண்டால் அழற்சியைக் கிளப்பும். மூன்றும் முழுக்க ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வாயடைத்துப்போகும். போதாததற்கு, ரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள திராம்போமாடுலின் என்ற புரதமும் இதைப் பிடித்து வைத்து, வெட்டிச் சிதைக்க உதவுகிறது.

இந்தக் கட்டுப்பாடு கைமீறினால் ஆபத்து. 1999இல் கெவின் டிரேசி குழுவினர், தொற்றால் உடம்பு முழுக்க அழற்சி பரவும் செப்சிஸ் போன்ற நிலைக்கு ஆளான எலிகளின் ரத்தத்தில் பல மணி நேரம் கழித்து இதே புரதம் பெருகுவதைக் கண்டார்கள். எதிர்ப்பொருள் கொடுத்து அதைத் தடுத்தபோது பல எலிகள் பிழைத்தன.

அப்படியானால் ஒரேயடியாக அடக்கிவிடலாமா? அதுவும் முடியாது. ஆக்சிஜனேற்றம் அடையாதபடி மாற்றிய எச்.எம்.ஜி.பி.1ஐச் செலுத்தியபோது, காயம்பட்ட எலிகளின் தசை வேகமாக மீண்டும் வளர்ந்ததாக 2018இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது.